லோகச் சண்டை

ஜூன் 3, செவ்வாய்

துணி காயவில்லை. அடுப்பின் இடது பர்னர் மறுபடி சிணுங்குகிறது. சிலிண்டர் மாற்றி இன்றோடு இருபத்தொன்பது நாள். போன தடவை முப்பத்துநான்கு வந்தது. நோட்டில் குறித்தாயிற்று.

இன்று முதல் ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது. மகளுக்குச் சட்டப் படிப்பில் இது மூன்றாம் வருஷம். சுற்றுச்சூழல் சட்டம் என்று ஒரு பாடம். அதற்கு வெளியிலிருந்து பெரியவர்கள் வந்து பேசுகிறார்கள். நேரில் இல்லை, இணையத்தில். ஐந்து செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. ஐந்தில் நான்கிலாவது இருந்தால்தான் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். இவளோ பகலெல்லாம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி. மாலை ஆறு மணிக்கு முன்னால் எழுந்து வந்தால், அந்த நாற்காலியைப் பிடிக்க இன்னும் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: “ம்மா, பழைய லேப்டாப்ப சமையல் மேடையில வெச்சிருக்கேன். நாலு மணிக்கு நீலப் பட்டன அமுக்கு. கேமரா வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு சார் நம்பர் நம்பரா கூப்பிடுவாரு. நாப்பத்தொண்ணுன்னு சொன்னதும் ‘உள்ளேன்’னு டைப் பண்ணிடு. அவ்வளவுதான்.”

“நான் எப்படிடி உள்ளேன்னு போடறது? இருக்கறது நானாச்சே.”

“நீ உள்ளதான இருக்க? எங்க பொய்?”

வக்கீலுக்குப் படிக்கிறவளிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான்.

நான்கு மணிக்கு அமுக்கினேன். வருகைப் பதிவு சார் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது ‘உ’ எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. “நாப்பத்தொண்ணு, இருக்கீங்களா, தூக்கமா?” என்று கேட்டேவிட்டார். ஒரு விரலால் தேடிப் பிடித்துத் தட்டினேன். பிறகு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தனிப் பத்தி போட்டிருக்கிறேன். பொய்க் கணக்கு: ஒன்று. ஆண்டவனிடம் பதிவு இருக்கும்தான். இருந்தாலும் நம் பக்கத்துப் பதிவும் ஒன்று இருப்பது நல்லது.

ஜூன் 4, புதன்

நேற்று வெங்காயத்தைப் பாதியில் நிறுத்தினேன் என்பதை எழுதவில்லை.

பேசியவர் ஓய்வு பெற்ற நீதிபதி. வயதானவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினார். வீட்டு வேலைக்கு நடுவே ஒரு குரல் ஓடட்டும் என்றுதான் இருந்தேன். அப்போது சொன்னார்: “சில நாடுகள்ல ஒரு ஆறு, சட்டத்துக்கு முன்னால ஒரு ஆள். உங்கள மாதிரி, என்ன மாதிரி. அது சார்பா பேச காப்பாளர்கள் இருக்காங்க.”

கத்தி நின்றுவிட்டது.

ஆறு ஒரு ஆளா? இத்தனை வருஷமாகப் பிரார்த்தனையில் ஆறு, மலை, மழை என்று வரிசையாகச் சொல்லி நன்றி சொல்கிறேனே. அந்த ஆற்றுக்கு ஒரு தீங்கு வந்தால் அது எங்கே போய்ச் சொல்லும் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? நன்றி சொன்னதோடு என் கடமை தீர்ந்தது என்று இருந்தேன். யாரோ சிலர் உட்கார்ந்து, அதற்கு ஒரு வாய் செய்து கொடுத்திருக்கிறார்கள்!

இன்னொன்றும் சொன்னார். இன்னும் பிறக்காத குழந்தைகளுக்கும் இந்தக் காற்றிலும் தண்ணீரிலும் பங்கு உண்டாம். அந்தப் பங்கை நாம் செலவழிக்கக் கூடாதாம். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோர்ட் என்றால் வேலித் தகராறும் விவாகரத்தும் என்று நினைத்திருந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் மகளின் பாடப் புத்தகங்களை அவள் தூங்கி எழுவதற்குள் படித்துக் கற்றது. அவள் ஒவ்வொரு வகுப்பு ஏறும்போதும் சமையல்கட்டிலிருந்தபடியே நானும் ஒரு வகுப்பு ஏறினேன். சட்டம் வந்ததும் புத்தகங்கள் தடித்துப்போய், நான் பின்தங்கிவிட்டேன். இப்போது புத்தகமே வாய் திறந்து பேசுகிறது.

ஜூன் 7, சனி

காலைப் பிரார்த்தனையில் “உண்மையில் நடத்தும்” என்ற வரி வந்ததும் இருமல் வந்துவிட்டது. வந்ததா, வரவழைத்தேனா?

ஜூன் 10, செவ்வாய்

பொய்க் கணக்கு: இரண்டு. ‘உ’ எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும்.

இன்று வந்தவர் தண்ணீரைச் சோதிக்கிற ஒரு அம்மா. அவர் பின்னால் அலமாரி முழுக்கச் சின்னச் சின்ன பாட்டில்கள். பாட்டில் டாக்டர் என்று பேர் வைத்துவிட்டேன். இரண்டு கண்ணாடி டம்ளரைக் கேமராவுக்கு நேராக வைத்தார். ஒன்றில் கலங்கிய தண்ணீர். ஒன்று பளிங்கு மாதிரி.

“எத குடிப்பீங்க?”

எல்லோரும் பளிங்கு என்று எழுதினார்கள். நானும் மனதுக்குள் அதையே எழுதினேன்.

“கலங்கினது மழைத்தண்ணி. கொஞ்சம் மண்ணு, வடிகட்டிக் காய்ச்சினா போயிடும். இந்தப் பளிங்கு, ஒரு தோல் பட்டறைக்குப் பின்னாடி எடுத்தது. இதுல இருக்கறத காய்ச்சினா கெட்டியாகுமே தவிர போகாது.”

நான் கையில் வைத்திருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு விதி சொன்னார். இந்த மாதிரி விஷயத்தில் கெடுதல் வரும் என்று முழுசாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்கக் கூடாதாம். “தெரியலன்னா, செய்யலாம்னு அர்த்தம் இல்ல” என்றார். எவ்வளவு பெரிய வார்த்தை! மனுஷன் தனக்குத் தெரியாததற்குப் பயப்பட வேண்டும் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைத்தானே நாங்கள் பக்தி என்கிறோம்?

நோட்டின் இடது பக்கம் வீட்டுக் கணக்கு, வலது பக்கம் வகுப்பு என்று பிரித்துவிட்டேன். மகள் படிப்பதற்கு உதவும்.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். லிப்ட் மெக்கானிக், நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்தவர். நான் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

“வக்கீலம்மா, டீ கெடைக்குமா? இல்ல, அடுத்த வாரத்துக்கு வாய்தாவா?”

“கனம் கோர்ட்டாரே, தண்ணிய சோதிச்சுட்டுத்தான் டீ.”

“சரிதான். நான் தீர்ப்பு வந்ததும் குடிச்சுக்கறேன்” என்று அவரே அடுப்பைப் பற்றவைத்தார்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்று.

கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் அம்மா. சத்தமான குரல், பேசும்போது கை சும்மா இருக்காது. இந்த வாரமும் அடுத்த வாரமும் அவர்தான்; இன்று பாடம், அடுத்த வாரம் கலந்துரையாடல்.

அவர் சொன்னதில் என்னைப் பிடித்து உலுக்கியது ஒரே ஒரு வார்த்தை. எந்த வழக்காக இருந்தாலும் கோர்ட் முதலில் கேட்கிற கேள்வி: இதைப் பேச நீ யார்? உனக்கு இதில் என்ன? அதற்குப் பதில் இல்லாவிட்டால் உள்ளே விடவே மாட்டார்களாம். அந்தக் கேள்விக்கு ஒரு பேர் இருக்கிறது. லோகச் சண்டை.

என்ன பொருத்தம்! லோகத்துக்காகப் போடுகிற சண்டை. சொந்தச் சண்டைக்கு யாரும் போகலாம், லோகச் சண்டைக்கு யார் போகலாம் என்பதுதான் கேள்வி. பழைய காலத்துப் பண்டிதர் யாரோ வைத்த பேராக இருக்கும். நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஓர் ஏரி வழக்கையும் சொன்னார். பாடத்துக்காக அவரே கட்டிய கதையாம். ஏரியைச் சுற்றித் தோல் பட்டறைகள். தண்ணீர் கெட்டுவிட்டது என்று நாற்பது பேர் மனுப் போடுகிறார்கள். ஏரிக்கரையில் உங்களில் யாருக்கும் ஒரு அடி நிலம்கூட இல்லை, போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். “அடுத்த வாரம் வரும்போது சொல்லுங்க. அந்தத் தீர்ப்பு சரியா? அவங்களுக்கு உரிமை இருக்கா இல்லையா?”

ஜூன் 19, வியாழன்

சமையல்கட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று ரிப்பேர்காரர் வந்திருந்தார். வாஷர் மாற்றும்போது கேட்டேன்.

“இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?”

“மாடித் தொட்டியிலேருந்து.”

“தொட்டிக்கு?”

“தெருக் குழாயிலேருந்து.”

“தெருக் குழாய்க்கு?”

“பெரிய தொட்டி. அந்த மேட்டுல இருக்கே.”

“அதுக்கு?”

நிமிர்ந்து பார்த்தார். “என்னக்கா, வாஷர் மாத்த வந்தவன குறுக்கு விசாரணை பண்றீங்க? அதுக்கு ஏரிலேருந்து வருது. ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல போகணும். ஒரே குழாய், என் இடுப்பு உயரம் இருக்கும்.”

“ரெண்டு மணி நேரத் தூரமா?”

“ஆமா. எங்கயும் அறுபடாம நேரா உங்க வீட்டுக்குள்ள வந்து சொட்டுது.”

அவர் போன பிறகு குழாயின் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. ஆனால் இருபத்து மூன்று வருஷமாக நாள் தவறாமல் தொட்டிருக்கிறேன். என் குழந்தையை முதல் நாள் குளிப்பாட்டியது அதுதான். சோறு பொங்கியது அது. நேற்று நான் அழுது முகம் கழுவியதும் அது. கண்ணால் பார்க்காத ஒருத்தர் இவ்வளவு செய்திருக்கிறார் என்று தெரிந்தால், மனுஷராக இருந்தால், ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வோம்.

நேற்று ஏன் அழுதேன் என்றால் — பிரார்த்தனை. மறுபடி அதே வரி.

ஜூன் 24, செவ்வாய்

நான்கு. ஆனால் இன்று கணக்கில் அடங்காத ஒன்றும் நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

கறுப்புக் கோட்டு அம்மா ஏரி வழக்கை எடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். கரையில் நிலம் உள்ளவருக்கு உரிமை என்றான் ஒருவன். மீன் பிடிப்பவருக்கும் உண்டு என்றாள் ஒருத்தி. இன்னொருத்தன் கோடு எங்கேயாவது போட்டாக வேண்டும், கரையிலிருந்து ஐந்நூறு அடி என்றான். எல்லோரும் கரை கரை என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளங்கை அரித்தது. இவர்கள் வீட்டில் குழாய் இல்லையா?

என் கைதான் தட்டியது. நான் தட்டினேன் என்று சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கட்டத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில்:

“கரை எதுவரை என்று யார் முடிவு செய்தது? அந்த ஏரித் தண்ணீர் என் சமையல்கட்டுக் குழாயில் வந்தால், குழாய் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரமும் கரைதான். இங்கிருந்து லோகச் சண்டைக்கு நான் வரலாமா?”

அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அழிக்க வழி தெரியவில்லை. லேப்டாப்பை மூடினால் போதும் என்றுகூடத் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிள்ளைகள் சிரிக்கிற பொம்மை முகங்களாக அனுப்பினார்கள். கறுப்புக் கோட்டு அம்மா சத்தமாகப் படித்தார். ஒரு முறை. பிறகு மெதுவாக இன்னொரு முறை. அவர் கை அசையாமல் இருந்ததை இன்றுதான் பார்த்தேன்.

“யாரும் சிரிக்காதீங்க. லோகச் சண்டை! இருபது வருஷமா இந்த வார்த்தைய கோர்ட்டுல சொல்லிட்டிருக்கேன், ஒரு நாளும் இப்படி என் காதுல விழல. நாப்பத்தொண்ணு, மைக்க ஆன் பண்ணுங்க.”

நான் மைக்கைத் தொடவில்லை.

“வெக்கமா? பரவாயில்ல. அடுத்த வாரம் கடைசி வகுப்பு. நானும் வர்றேன். கலந்துரையாடல நீங்கதான் ஆரம்பிச்சு வைக்கறீங்க. கேமராவோட. குழாய், கரை, அப்புறம் அந்தச் சண்டை.”

ஆண்டவனே.

ஜூன் 25, புதன்

மகளிடம் நேற்று வந்தவுடனேயே சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. நோட்டை எடுத்துக் காட்டினேன். படித்தாள். அடிக்கோடு போட்ட இடத்தில் விரல் நின்றது.

“ம்மா. இது என்ன லோகச் சண்டை?”

“அதாண்டி, பேச உனக்கு என்ன உரிமைன்னு கோர்ட் கேக்குமே...”

“அது லோகஸ் ஸ்டாண்டை-ம்மா! லத்தீன். நிக்கறதுக்கு எடம்னு அர்த்தம்.”

சிரித்தாள். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாகத் திரும்பியது என்று எனக்குத் தெரியவில்லை.

“மூணு வருஷம்மா. ஒரு டீச்சர் ஒரு தடவ என்ன நிமிந்து பாத்ததில்ல. நீ நாலு வாரம் வெங்காயம் நறுக்கிட்டே... அவங்க உன்னத்தான கூப்பிட்டாங்க? என்னோட நம்பர சொல்லி உன்ன கூப்பிட்டாங்க.”

நான் என்ன சொல்ல? நீ இல்லாத இடத்தில் உன் பேரைக் காப்பாற்றத்தானே உட்கார்ந்தேன். காப்பாற்றுகிறேன் என்று எடுத்துக்கொண்டுவிட்டேனா?

ஜூன் 27, வெள்ளி

இன்று கேட்டேவிட்டேன். “நான் அந்த சாருக்கு ஒரு கடுதாசி எழுதட்டுமா? இருந்தது நான்னு சொல்லிடறேன்.”

“எழுது. நாலு வருகையும் போயிடும். இந்த வருஷம் பரீட்சை இல்ல. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். உன் மனசு சுத்தமாயிடும். நல்லாத்தான் இருக்கு.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தைத்தது.

உண்மையைச் சொல்வது நல்லது என்று எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விலை அவளுடையதாக இருக்கும்போது நல்ல பேர் எனக்கு எப்படிச் சேரும்? என் கறையைக் கழுவ அவளுடைய ஒரு வருஷத்தைத் தண்ணீராக ஊற்றலாமா? கறுப்புக் கோட்டு அம்மாவின் கேள்வியை எனக்கே போட்டுப் பார்த்தேன். இதைப் பேச நீ யார்? உனக்கு இதில் என்ன? — இந்த வழக்கில் எனக்கு நிற்க இடம் இல்லை.

கடுதாசி எழுதப் போவதில்லை. ஆண்டவனிடம் மட்டும் சொல்லிவிட்டேன், இது என்னுடையது, அவள் கணக்கில் எழுதாதேயும் என்று.

ஜூன் 29, ஞாயிறு

நாள் முழுக்க அவளுக்கு நான் பாடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே நான் சொல்ல, நாற்காலியில் அவள் திருப்பிச் சொன்னாள். குழாயைப் பற்றிச் சொல்லும்போது, “ரிப்பேர்காரர் சொன்னதையும் சேத்துக்கோ, எங்கயும் அறுபடாம வருதுன்னு” என்றேன். அவள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“இதெல்லாம் நீ எப்பம்மா யோசிக்கற?”

“பாத்திரம் தேய்க்கும்போது.”

வகுப்பில் அவளே உட்காரச் செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புக் கேட்டுவிட்டாளாம். நான்கு வாரமாக இதைக் கேட்கத்தான் பயந்தாள். ஒரு வரியில் கொடுத்துவிட்டார் அவளுடைய அலுவலக வக்கீல். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இதை இன்றே எழுத வேண்டும்.

அவள் கூடத்தில் மேசைமேல் லேப்டாப்பை வைத்து, தலை வாரி, உட்கார்ந்தாள். நான் சமையல்கட்டு வாசலில், கேமராவில் விழாத இடத்தில். வருகைப் பதிவு சார் கூப்பிட்டார். “நாப்பத்தொண்ணு.” அவளே வாயால் “உள்ளேன் சார்” என்றாள். என் காதுக்கு அது சங்கீதமாக இருந்தது.

கறுப்புக் கோட்டு அம்மா, “வாங்க, லோகச் சண்டைக்காரி! ஆரம்பிங்க” என்றார்.

ஆரம்பித்தாள். ஏரி, குழாய், அறுபடாமல் வருவது. நன்றாகத்தான் சொன்னாள். நான் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அடுத்த வரியைச் சைகை காட்டக் கையைத் தூக்கினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“மேடம், ஒரு சந்தேகம். அடுத்தவங்க சார்பா பேசறதுன்னா, வக்காலத்து வேணும் இல்லையா?”

“நிச்சயமா. யாருக்காகப் பேசறோம்னு மொதல்ல சொல்லணும். சொல்லாம பேசினா அது வாதம் இல்ல, திருட்டு.”

“அப்ப நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். இது என் வார்த்தை இல்ல மேடம். எங்கம்மாவோடது. நாலு வகுப்புலயும் என் நம்பர்ல இருந்தது அவங்கதான். நான்தான் உக்காத்தி வெச்சேன். அவங்க மேல தப்பு இல்ல.”

இவளை நான் பெற்றேனா? இந்தத் தைரியம் எந்தக் குழாய் வழியாக இவளுக்குள் வந்தது?

“அம்மா இருக்காங்களா இப்ப?” என்றார் கறுப்புக் கோட்டு.

ஈரக் கையோடு போய் நின்றேன். ஐம்பது சதுரத்தில் ஐம்பது முகம். அதில் ஒன்று நான். முதல் முறையாக என்னை அங்கே பார்த்தேன்.

“நீங்கதானா லோகச் சண்டை?”

“தப்பா காதுல விழுந்துடுச்சுங்க. வேணும்னு எழுதல. மன்னிச்சுக்கணும்.”

“தப்பாவா? நான் ஏதோ ரொம்ப யோசிச்சு, சிலேடையா எழுதினீங்கன்னுல்ல நெனச்சேன்!” என்று அவர் சிரித்தார். சிரிப்பு நின்றதும், “காது தப்பா கேட்டிருக்கலாம். அர்த்தம் தப்பில்ல. ஒரு வாரமா நான் அதையேதான் நெனச்சிட்டிருக்கேன்” என்றார்.

வருகைப் பதிவு சார் செருமினார். “மேடம், மன்னிக்கணும். இது ஆள்மாறாட்டம். நான் பதிவு பண்ணித்தான் ஆகணும்.”

“பண்ணுங்க சார். பண்ணணும். நான் குறுக்க வர மாட்டேன்.” பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: “உனக்கு இதுல நஷ்டம் இருக்கு, தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

“சரி. இப்ப உன் வார்த்தைல பேசு. மீதி நேரம் உன்னோடது.”

பேசினாள். தடுமாறித்தான் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டே கேட்டார். “இவ்வளவு உண்மை பேசினா கோர்ட்டுல எப்படிப் பொழைக்கப் போறா?” என்றார். சொல்லிவிட்டு அவள் அறைக்குப் போய் வெகுநேரம் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 2, புதன்

பிரார்த்தனையில் அந்த வரியைத் தாண்டினேன். இருமல் இல்லை. ஆனால் சந்தோஷமும் இல்லை. தாண்ட வைத்தவள் அவள்.

ஜூலை 11, வெள்ளி

கல்லூரியிலிருந்து கடிதம். நான்கு வருகையும் ரத்து. இந்தப் பாடத்தை அடுத்த வருஷப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து எழுத வேண்டும். எச்சரிக்கை பதிவு செய்யப்பட்டது.

மகள் படித்துவிட்டு மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். “எதிர்பாத்ததுதான?” என்றாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். நான் கதவைத் தட்டவில்லை.

கூடவே ஒரு தனித் தாள், எனக்கு. கறுப்புக் கோட்டு அம்மா கையால் எழுதியது. கல்லூரியிடம் பேசியிருக்கிறாராம். அடுத்த வருஷத்திலிருந்து வெளியாட்களும் இந்த உரைகளைக் கேட்கலாம், தங்கள் சொந்தப் பேரில். வருகைப் பதிவு கிடையாது. கலந்துரையாடலில் பேசக் கூடாது. கேட்க மட்டும்.

இதை அவளிடம் இன்று காட்டக் கூடாது என்று எடுத்து வைத்தேன். அவளுக்கு மூடிய கதவு எனக்குத் திறக்கிறதாக ஆகிவிடும்.

ஜூலை 13, ஞாயிறு

அவளே கண்டுபிடித்துவிட்டாள். “ஒளிச்சு வைக்கறியா? மறுபடி ஆரம்பிக்காதம்மா” என்றாள். படிவத்தை அவளே நிரப்பினாள். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினாள். தகுதி என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, குழாய் உள்ள வீடு என்று எழுதி, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பிறகு அடித்துவிட்டு எட்டாம் வகுப்பு என்று ஒழுங்காக எழுதினாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவளோடு படித்தவர்கள் இன்று பரீட்சை எழுதுகிறார்கள். அவள் வழக்கம்போல எட்டரைக்குக் கிளம்பினாள். டப்பாவில் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

ஜூன் 2, செவ்வாய் — புது நோட்டு

ஒரு வருஷம் போயிருக்கிறது. மகள் இப்போது வேறு அலுவலகம், சின்னது. ஒரே மின்விசிறி, அதுவும் சீனியர் பக்கமே திரும்பியிருக்குமாம். ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே விட்டுவிடுகிறார்கள்.

மூன்றே முக்காலுக்கு வந்து முகம் கழுவி, மேசைக்கு இரண்டு நாற்காலி போட்டாள். அவளுடைய சதுரம் லேப்டாப்பில். என்னுடையது என் போனில், என் பேரோடு. இந்த வருஷம் அவளுக்கு எண் ஏழு. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் குரல் கொஞ்சம் கனத்து ஒலித்தது.

கறுப்புக் கோட்டு அம்மாதான் முதல் உரை. பேசி முடித்ததும் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: “சரி, ஒரு ஏரி தன் வழக்குல ஜெயிச்சிடுச்சுன்னு வெச்சுக்கங்க. பட்டறைக்காரங்க நஷ்டஈடு கட்டணும்னு தீர்ப்பு. யார்கிட்ட கட்டறது? ஏழு, நீங்க சொல்லுங்க.”

எனக்குப் பதில் தெரியும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு, குழாய் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். வாய்வரை வந்துவிட்டது. மகள் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கையைக் காட்டினால் போதும், காதோரம் சொன்னால் போதும். இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டேன்.

“ஏரிகிட்டத்தான் மேடம்,” என்றாள். “மக்கள்கிட்ட குடுத்தா நாங்க பங்கு போட்டு எடுத்துக்கிட்டு எங்க வேலைய பாக்கப் போயிடுவோம். ஏரி கெட்டது கெட்டபடியே கெடக்கும். ஜெயிச்சது அது. அது மறுபடி மொதல்ல இருந்த மாதிரி ஆகற வரைக்கும் அவங்க செலவழிக்கணும். ஆயிடுச்சான்னு அதோட தண்ணியத்தான் கேக்கணும், எங்கள இல்ல.”

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். எனக்கு இது தோன்றவே இல்லை. எத்தனை பாத்திரம் தேய்த்திருந்தாலும் தோன்றியிருக்காது.

கறுப்புக் கோட்டு அம்மா குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். நானும் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்தேன். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன்.